காப்பா, விலங்கா? வளைகுடாக் கைப்பட்டிகளின் கதை



சென்ற கோடையில் எங்கள் வானொலியின் ஆண்டு ஒன்றுகூடல் நடந்தபோது, வழமைபோல வாயிற் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. மண்டபத்துக்காரர் இம்முறை வாயிலில் ஒரு சிறிய இயந்திரத்தை வைத்திருந்தார்கள. நுழைவுச்சீட்டை அதற்குக் காட்டினால், சில்லுப் பதித்த ஒரு கைப்பட்டியில் இலக்கத்தைப் பதிந்து வெளியே தள்ளும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதை எடுத்து, வருபவரின் மணிக்கட்டில் சுற்றி, ஒரு சிறு குமிழை அழுத்திப் பூட்டிவிடுவார். ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாது. வெட்டத்தான் வேண்டும்.

வரிசையில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். கையை நீட்டியவர், பட்டியைக் கண்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். "பிள்ளை, இதைப் பிறகு ஆர் வெட்டுறது?" என்று கேட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டு, "வீட்டை போய் நீங்களே கத்தரிக்கோலால வெட்டுங்கோ அம்மம்மா" என்றது. "அப்ப சரி" என்று சொல்லி அந்த அம்மா கையை மறுபடியும் நீட்டினார்.

அன்றைய கணக்கு முடிந்து காசைக் கட்டி வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முப்பது வருடமாகக் கணக்கு எழுதுபவன் நான். திறந்த கணக்கு ஒன்றை யார் மூடுவது என்பதுதான் எங்கள் தொழிலின் முதற் கேள்வி. அந்த அம்மா படிக்காமலே அதைக் கேட்டுவிட்டார். இந்த மாதப் பேச்சு அதைப் பற்றியது.

எங்கள் மொழியில் கையில் கட்டுவதற்குப் பொதுவான ஒரு சொல் காப்பு. அணியும் வளையலும் காப்பு, காத்தலும் காப்பு. கந்தசஷ்டி விரதத்துக்குக் கோயிலில் காப்புக் கட்டுகிறோம். குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் காப்புப் போடுகிறோம். கட்டுபவர் யாரென்று தெரியும். எதற்காகக் கட்டுகிறார் என்று தெரியும். விரதம் முடிந்ததும் அவிழ்ப்பார் என்பதும் தெரியும். கையில் மாட்டும் இன்னொரு பொருளுக்கும் எங்களிடம் சொல் இருக்கிறது. அது விலங்கு. இரண்டும் மணிக்கட்டைச் சுற்றி வருகிற வளையந்தான். வித்தியாசம் உலோகத்தில் இல்லை.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு இன்று வளைகுடா நாடுகளுக்குப் போவோம். எங்கள் குடும்பங்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் ஐரோப்பாவில் என்றால், இன்னொருவர் கட்டாரிலோ டுபாயிலோ இருப்பார். அகதியாக விசா கிடைக்காதவர் தொழிலாளியாக விசா எடுத்து அங்கே போனார். எங்களில் பலர் மேற்கே வந்த வழியிலும் அந்த விமான நிலையங்கள் இருந்தன. ஐக்கிய அரபு அமீரகத்தில் வசிப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் வெளிநாட்டவர்கள். வந்து போகிறவர்களே பெரும்பான்மையாக உள்ள நாட்டில், யார் யார் என்று அடையாளம் காண்பது அரசின் அன்றாட வேலையாகிவிடுகிறது.

மனிதரைப் பதிவேட்டோடு பிணைக்கும் வழக்கம் அங்கே எண்ணெய்க்கும் முந்தியது. அது முத்துக் காலத்தில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, எங்கள் கரையோரத்தவர்களோடு வளைகுடாவின் அரபுச் சுழியோடிகளும் வந்து மூழ்கினார்கள். மன்னாரில் கூலி கையோடு கிடைத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கு. அன்றைக்கே கரையில் விற்றுக் காசாக்கலாம். அவர்களுடைய சொந்தக் கடலில் முறை வேறு. படகின் தலைவரான நகுதா பருவம் தொடங்கும்போது முற்பணம் கொடுப்பார், பருவம் முடிந்த காலத்திலும் கடன் கொடுப்பார். கணக்குப் புத்தகம் அவருடைய கையில் இருக்கும். சுழியோடிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கடன் தீரும்வரை அவர் வேறு படகில் ஏற முடியாது. தகப்பன் இறந்தால் கடன் மகனின் தலையில் விழுந்த காலமும் இருந்தது.

1920களில் பஹ்ரெய்னில் இந்த முறையைத் திருத்தினார்கள். திருத்தத்தின் மையம் மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு சுழியோடிக்கும் அவருடைய கணக்கைக் காட்டும் தனிப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. கடனை அரசு தள்ளுபடி செய்துவிடவில்லை. ஆனாலும் தன்னைப் பற்றி எழுதியதைத் தானே கையில் வைத்திருக்கும் உரிமை சுழியோடிக்குக் கிடைத்தது. பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்கலாம். கணக்காளன் என்ற முறையில் எனக்கு வளைகுடா வரலாற்றில் மிகப் பிடித்த பக்கம் இது.

பிறகு யப்பானின் வளர்ப்பு முத்து வந்தது, உலகப் பொருளாதார மந்தம் வந்தது, முத்துத் தொழில் படுத்தது. எண்ணெய் வந்தது. எண்ணெயோடு எங்கள் ஆட்களும் போனார்கள். நகுதாவின் புத்தகத்தின் இடத்தைக் கடவுச்சீட்டு பிடித்தது. தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்று சொல்லப்பட்ட பின்பும் அந்தப் பழக்கம் நீண்ட காலம் நீடித்தது. வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனிக் கைப்பட்டிக்கு வருவோம். அதன் பிறப்பிடம் சிறைச்சாலை அல்ல, வைத்தியசாலை. வீட்டில் மருத்துவிச்சி பார்த்த பிரசவம் வைத்தியசாலைக்கு மாறியபோது, ஒரே அறையில் இருபது முப்பது குழந்தைகள் கிடந்தன. பிள்ளை மாறிவிடுமோ என்ற பயம் வந்தது. அமெரிக்க வைத்தியசாலைகளில் எழுத்துப் பொறித்த சிறு மணிகளைக் கோத்து, தாயின் குடும்பப் பெயர் வரும்படி குழந்தையின் கையில் கட்டினார்கள். நூலின் முடிவில் ஓர் ஈயமணி. அதை நசுக்கிவிட்டால் அவிழ்க்க முடியாது. வீட்டுக்குப் போகும்போது வெட்டி எடுத்து, அம்மாமார் அதை நினைவுக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1950களில் மணிகளின் இடத்துக்குப் பிளாஸ்ரிக் பட்டி வந்தது. பிறகு பட்டியில் கோட்டுக்குறி அச்சிடும் இயந்திரம் வந்தது. அதன் பின் சில்லு வந்தது.

சில்லின் கதையும் பழையதுதான். இரண்டாம் உலகப் போரில், வருகிற விமானம் தம்முடையதா எதிரியுடையதா என்று அறிய வானொலி அலையில் கேள்வி அனுப்பிப் பதில் பெறும் கருவிகள் இருந்தன. 1948இல் ஹரி ஸ்டொக்மன் என்ற பொறியியலாளர், திருப்பி வீசப்படும் அலையைக் கொண்டே செய்தி அனுப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். வானொலிக்காரர் நாங்கள் இதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லலாம். கைப்பட்டிக்குள் இருப்பது மிகச் சிறிய ஒரு வானொலிதான். அதற்கு மின்கலம் இல்லை. வாசிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் இலக்கத்தை மட்டும் திருப்பிச் சொல்லும். மணிக்கட்டுக்குப் பெரும்பாலும் 13.56 மெகாஹேட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவார்கள். உயர்ந்த அலைவரிசைகள் உடம்பின் ஈரத்தில் மங்கிவிடுகின்றன, இது அவ்வளவாக மங்குவதில்லை. வாசிக்கும் தூரம் சில சென்ரிமீற்றரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர். ஆளை ஊர் முழுக்கத் தொடர வேண்டுமென்றால் மின்கலமும் புளூடூத்தும் செய்மதித் தொடர்பும் உள்ள வேறு வகைப் பட்டி வேண்டும்.

பூட்டுவதுதான் பட்டியின் உயிர்நாடி. சிலவற்றில் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலவற்றில் பல் வைத்த குமிழ் உட்புகும், வெளியே வராது. சிலவற்றில் பட்டியின் நீளம் முழுக்க ஒரு மெல்லிய கம்பி ஓடும், பட்டியை வெட்டினால் சுற்று அறுந்து, வெட்டப்பட்டது என்ற செய்தியை அதுவே அனுப்பிவிடும். இலக்கத்தைப் பதிந்து பட்டியை வெளியே தரும் இயந்திரங்கள் இன்று வைத்தியசாலைகளிலும் விழாக்களிலும் சாதாரணம்.  ஆனால் நல்ல தாதி ஒருவர் பட்டி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டிக்கும் தோலுக்கும் இடையில் தன் விரலை விட்டுப் பார்ப்பார். வீங்கிய கையென்றால் மற்றக் கையில் கட்டுவார். இலக்கம் கண்ணுக்கு முன்னால் இருந்தாலும், "உங்கட பேர் என்ன?" என்று வாய்விட்டுக் கேட்பார். பட்டி சொல்வதையும் ஆள் சொல்வதையும் அவர் ஒப்புநோக்குகிறார். கணக்காய்வில் நாங்கள் செய்வதும் அதுதான்.

வைத்தியசாலைப் பட்டி சட்டத்தின் கைக்கு வந்த ஆண்டு 1983. அந்த ஆண்டு என்றால் எங்களுக்கு வேறு நினைவு. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், ஜக் லவ் என்ற நீதிபதி, சிறைக்குப் பதிலாக வீட்டில் இருக்கும்படி ஒருவருக்கு உத்தரவிட்டு, அவர் காலில் இலத்திரனியல் வளையம் ஒன்றை மாட்டுவித்தார். சிலந்தி மனிதன் சித்திரக்கதை ஒன்றில் வில்லன் கதாநாயகனின் கையில் தொடர்கருவி மாட்டுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. ஒரு விசயத்தை அவருக்காகச் சொல்ல வேண்டும். மற்றவருக்கு மாட்டுவிக்கமுன் அந்த வளையத்தை முதலில் தானே அணிந்து பார்த்தார். அதன் பின் வந்த அதிகாரிகள் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்?

வளைகுடா நாடுகள் இந்தத் தொழில்நுட்பங்களை வேகமாக வாங்கின. நாடு கடத்தப்பட்டவர்கள் புதிய பெயரில் திரும்பி வருவதைத் தடுக்க, 2001இல் அமீரகம் கண்ணின் கருவிழியைப் படம்பிடித்து ஒப்பிடும் முறையைத் தொடங்கி, சில ஆண்டுகளில் நாட்டின் எல்லா வாயில்களுக்கும் விரித்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோன் டௌக்மன் வகுத்த கணிதமுறை அது. 2004இல் அடையாள அதிகாரசபை அமைந்து, சில்லு வைத்த அடையாள அட்டை வந்தது.

அதே காலத்தில் டுபாயில் கைப்பட்டிக்கு இன்பமான ஒரு முகமும் இருந்தது. 1999இல் திறந்த வைல்ட் வாடி நீர்ப் பூங்காவில், பணப்பையை நனைக்காமல் இருக்க மணிக்கட்டுப் பட்டியில் காசை ஏற்றிக்கொண்டு சாப்பாடு வாங்கும் வசதி வந்தது. போகும்போது மீதிக் காசைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு பட்டியை விட்டுவிட்டுப் போகலாம். அந்தப் பட்டியை யாரும் விலங்கென்று சொல்லவில்லை. கட்டியவரும் அவிழ்த்தவரும் மீதிக் காசு கேட்டவரும் ஒருவரே. அதே நகரின் இன்னொரு பக்கத்தில், சோனாப்பூர் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து விடியமுன் பஸ் ஏறிய எங்கள் தம்பிமார், வேறு வகை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அதில் மீதிக் காசு என்ற பேச்சு இல்லை.

கைப்பட்டி உயிரைக் காக்கும் காப்பாகவும் ஆகலாம் என்பதை மக்கா சொல்லிற்று. 2015 செப்டம்பர் 24ஆம் திகதி ஹஜ் கடமையின்போது மினாவில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. சவூதி அரசு வெளியிட்ட எண்ணிக்கை 769. ஒவ்வொரு நாடும் தன் யாத்திரிகரைப் பற்றி அறிவித்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கூட்டிப் பார்த்தபோது 2,400க்கும் மேல் வந்தது. இரண்டு கூட்டுத்தொகையும் இன்றுவரை பொருந்தவில்லை. காணாமற் போன தாய் தகப்பனைத் தேடி, குடும்பங்கள் நாட்கணக்கில் பிரேதசாலைகளில் அலைந்தன. எங்களுக்கு அந்த அலைச்சல் தெரியாததல்ல.

அதற்கடுத்த ஆண்டு, 2016இல், எல்லா யாத்திரிகருக்கும் இலத்திரனியல் கைப்பட்டி கொடுப்போம் என்று சவூதி அறிவித்தது. ஆளின் விபரம், தங்குமிடம், உடல்நிலை எல்லாம் அதில் இருக்கும் என்றார்கள். இதை வாசித்தபோது எனக்கு இந்தோனேசியர்களின் நினைவு வந்தது. அந்த நாட்டின் ஹஜ் யாத்திரிகர் ஒவ்வொருவரும் பல வருடமாக ஓர் உலோகக் காப்பை அணிந்து போகிறார்கள். யாவாவின் ஜெப்பாரா பகுதிக் கைவினைஞர்கள் செய்வது. யாத்திரை ஆண்டு, புறப்பட்ட இடம், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் பொறித்திருக்கும். சில்லு இல்லை, மின்கலம் இல்லை. நெருப்பிலும் நீரிலும் அழியாது. ஊருக்குத் திரும்பியபின் அது யாத்திரிகருக்கே சொந்தம்.

2020இல், கொரோனாக் காலத்தில், சவூதியில் வசித்த ஏறக்குறைய ஆயிரம் பேரை மட்டும் வைத்து ஹஜ் நடந்தபோது அவர்கள் இலத்திரனியல் பட்டி அணிந்திருந்தார்கள். 2024இல் இன்னொரு பாடம் கிடைத்தது. கடும் வெயிலில் 1,301 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் 83 சதவீதமானோர் அனுமதி பெறாமல் வந்தவர்கள் என்றும் சவூதி அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அனுமதி உள்ளவர்களுக்கு நுசுக் என்ற சில்லு அட்டை இருந்தது. அட்டை இல்லாதவர்களுக்குக் குளிரூட்டிய கூடாரமும் வாகனமும் இல்லை, தூரம் தூரமாக வெயிலில் நடந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பது சுமைதான். இல்லாமல் இருப்பது சில வேளை சாவு. நாங்கள் வந்த நாடுகளில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு எந்தப் பதிவும் இல்லாமல் வாழ்ந்தவர்களைக் கேட்டால், அவர்களும் இதையே சொல்வார்கள். அதனால்தான் அடையாளப் பட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

கொரோனாக் காலம் வளைகுடாவைக் கைப்பட்டிகளின் பெரும் பரிசோதனைக்கூடம் ஆக்கியது. 2020 ஏப்ரலில் பஹ்ரெய்னிலும் குவைத்திலும் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்குப் பட்டி வந்தது. ஓமானும் அதே வழியில் போனது. பஹ்ரெய்னில் பட்டி புளூடூத் மூலம் கைத்தொலைபேசியோடு பிணைக்கப்பட்டது. தொலைபேசியிலிருந்து 15 மீற்றர் விலகினால் கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி போகும். நினைத்த நேரத்தில் முகமும் பட்டியும் தெரியப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்பார்கள். மீறினால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் 1,000 முதல் 10,000 தினார்வரை குற்றப்பணமும் விதிக்கலாம். சாதாரணத் தொழிலாளிக்கு ஆயிரம் தினார் பல மாதச் சம்பளம்.

2020 யூன் மாதம் சர்வதேச மன்னிப்புச் சபை பல நாட்டுச் செயலிகளைச் சோதித்து, பஹ்ரெய்ன், குவைத், நோர்வே ஆகிய மூன்று நாடுகளின் செயலிகளே மக்களின் அந்தரங்கத்துக்கு மிக ஆபத்தானவை என்று அறிவித்தது. நோர்வே உடனே நிறுத்தியது. பஹ்ரெய்னில் இன்னொரு புதினமும் நடந்தது. "வீட்டில் இருக்கிறீர்களா?" என்ற பொருளுடைய பெயரில் றமழான் காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று. செயலி மூலம் சேர்ந்த தொலைபேசி இலக்கங்களைக் கொண்டு ஆட்களை அழைத்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள். நோயைத் தடுக்கத் திரட்டிய தகவல் பொழுதுபோக்குக்குப் போனது. ஒரு தேவைக்குச் சேர்த்த நிதியை வேறு தேவைக்குச் செலவழித்தால் கணக்காய்வாளர் விடுவாரா? தகவலுக்கும் அதே விதிதான் இருக்க வேண்டும்.

அபுதாபியில் 2020 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பட்டி கட்டினார்கள். வீட்டில் தனிமையில் இருந்து, பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தபின், குறித்த நிலையத்துக்குப் போய்க் கழற்ற வேண்டும். பயணிகளுக்கும் தொற்றாளரோடு தொடர்புபட்டவர்களுக்கும் 2021 செப்டம்பர் 19 முதல் அந்த விதி நீக்கப்பட்டது. நியாயமாகச் சொன்னால், கொள்ளைநோய்க் காலத்தில் இப்படியொரு நடவடிக்கை தேவைப்பட்டது. முடிவும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தபடி பட்டிகள் கழன்றன.

வளைகுடா நாடொன்றில் கணக்கெழுதும் என் சித்தியின் மகனுக்கும் அந்தக் காலத்தில் இப்படி ஒரு பட்டி கட்டினார்கள். நான்கு பேர் இருந்த அறையில் தனிமைப்படுத்தல். குளிக்கும்போதும் படுக்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். நாள் முடிந்து போய்க் கழற்றியதும் எனக்குத் தொலைபேசி எடுத்தான். சந்தோசப்படுவான் என்று நினைத்தேன். "அண்ணை, கழட்டினதுக்கு ஒரு துண்டும் தரேல்லை. நாளைக்கு ஆரும் வந்து கேட்டால் என்னத்தைக் காட்டுறது?" என்றான். பிறகு தன் வெறும் மணிக்கட்டைப் படம் எடுத்து, நேரமும் திகதியும் எழுதி எனக்கு அனுப்பிவைத்தான். "இதை வைச்சிருங்கோ" என்றான். பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் அவன் தானே ஒன்றை உண்டாக்கிக்கொண்டான். அந்தப் படம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் கணக்கியல் படிப்பிக்கத் தேவையில்லை.

அவனுடைய பயம் வீண்பயமா? பதிவேட்டில் ஒன்று பிழையாக ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் தமிழ் பேசும் மக்களிடமே ஓர் உதாரணம் உண்டு. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனார். போய்ச் சில வாரத்தில் அவர் பார்த்த குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 சனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988இல் பிறந்தவர். சம்பவ நேரத்தில் பதினேழு வயது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காக அவருடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டை 1982 என்று மாற்றியிருந்தார்கள். வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளையின் வயதை ஒருவர் எழுதினார், இன்னொருவர் நம்பினார். சட்டம் அவரைச் சிறுமியாகப் பார்க்கவில்லை. கடவுச்சீட்டை நம்பித்தான் இயந்திரமும் பட்டியை அச்சிடுகிறது. பிழையையும் அது அதே உறுதியோடு பூட்டிவிடும்.

இந்தக் கதை வளைகுடாவோடு முடியவில்லை. அமீரக விமான நிலையங்களில் பழகிய கருவிழித் தொழில்நுட்பம் அகதி முகாமுக்கும் வந்தது. 2016 முதல் யோர்தானின் சாத்தரி முகாமில் சிரிய அகதிகள் கடைக்குப் போய்ச் சாமான் எடுத்துவிட்டு, காசுக்குப் பதிலாகக் கண்ணைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, திடீரென்று பெரும் கூட்டம் எல்லை கடக்கும்போது ஒருவரே இரண்டு முறை பதியாமலிருக்க, கையில் பிளாஸ்ரிக் பட்டி பூட்டி எண்ணும் முறையை ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையம் வைத்திருந்தது. தலை எண்ணி நிவாரணம் கொடுக்கும் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். எண்ணியதால் எங்களுக்கு அரிசி கிடைத்தது என்பதும் உண்மை. எண்ணிக்கைக்குள் அடைபட்டோம் என்பதும் உண்மை.

பிரித்தானியாவில் 2016 சனவரியில் ஒரு செய்தி வெளிவந்தது. கார்டிஃப் நகரில் அகதி விண்ணப்பதாரர்கள் சாப்பாடு பெறுவதற்கு எந்நேரமும் சிவப்பு நிறக் கைப்பட்டி அணிய வேண்டியிருந்தது. அதில் சில்லு எதுவும் இல்லை. வெறும் நிறந்தான். ஆனால் தெருவில் போகும்போது அந்த நிறத்தைக் கண்டு காரில் போனவர்கள் சத்தம் போட்டார்கள். செய்தி வந்து சில நாட்களில் அது நிறுத்தப்பட்டது. 2022இல் சிறு படகுகளிலும் வேறு சட்டவிரோத வழிகளிலும் வந்தவர்களில் 600 பேர்வரை செய்மதித் தொடர் வளையம் மாட்டிப் பார்க்கும் முன்னோட்டத் திட்டத்தை அந்த நாட்டு உள்துறை அமைச்சு தொடங்கியது. 2024 மார்ச்சில் அங்குள்ள தகவல் ஆணையாளர், அந்தத் திட்டம் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். அவ்வளவு ஊடுருவும் நடவடிக்கை எதற்குத் தேவை என்று அமைச்சு போதுமான அளவு ஆராயவுமில்லை, மாட்டப்பட்டவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவுமில்லை என்பதே அதன் சாரம். அந்த அம்மாவின் கேள்வியை ஓர் ஆணையாளரும் கேட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நேயர்களே, உங்கள் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இயந்திரத்தை வடிவமைக்கும் மேசையில் நாளை ஒருவர் எங்கள் பிள்ளையாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அவர் மூன்று விசயத்தைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். பட்டியில் எழுதியிருப்பதை அணிந்தவர் வாசிக்க முடியுமா, பிழையிருந்தால் திருத்த முடியுமா? இது பஹ்ரெய்ன் சுழியோடியின் புத்தகம். சேர்த்த தகவல் சொன்ன தேவைக்கு மட்டும் போகிறதா? இது எந்தச் சங்கத்துப் பொருளாளருக்கும் தெரிந்த விதி. மூன்றாவது, அவிழ்க்கும் நாள் எது, அவிழ்த்ததற்குப் பற்றுச்சீட்டு உண்டா? இது என் தம்பியின் வெறுங்கைப் படம்.

இலக்கம் பதிந்து பட்டியைத் தரும் இயந்திரங்கள் இன்று சாதாரணம். அவிழ்த்துவிட்டு, "கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கையில் தரும் இயந்திரத்தை நான் இன்னும் எங்கும் காணவில்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு ஐந்தொகைக்கு வராது.

அன்று ஒன்றுகூடல் முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா மகனோடு வாயிலுக்கு வந்தார். வீட்டுக்குப் போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. வாயில் மேசையில் நுழைவுச்சீட்டு வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நான் வெட்டிவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி" என்று சொல்லி, இடக்கையால் சிரமப்பட்டுத் தானே வெட்டினார். பட்டியை மேசையில் வைத்துவிட்டு, "கணக்கிலை எழுதிக்கொள்ளுங்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.